படகின் ஒருபுறச் சாய்வும் அடிப்பாரமும்

சேதராப்பட்டில் கடல் இல்லை. கிழக்கே காலாப்பட்டுக் கரைவரை சென்றால்தான் படகையும் பாய்மரத்தையும் காணலாம். எனினும் படகின் சாய்வைப் பற்றிய பாடத்தில் பாதியை இவ்வூர்க் குடியானவர் ஏற்கெனவே அறிவர். ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும் என்னும் பழமொழி செல்வத்தையும் வறுமையையும் குறித்து வழங்கினாலும், பாரத்தைப் பொறுத்தவரை வண்டிக்கும் ஓடத்திற்கும் ஒரே சட்டம் என்பதையும் அது நினைவூட்டுகிறது.

கரும்போ நெல் மூட்டையோ வண்டியில் ஏற்றுபவர் முன்பாரமும் பின்பாரமும் பார்த்தே ஏற்றுவார். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே எழும்பும். பாரம் ஒருபுறமாக ஒதுங்கினால் ஒரு சக்கரம் சேற்றில் புதையும். இக்குறையைக் கண்டவர் உடனே கல்லைத் தேடி மறுபுறத்தில் ஏற்றுவதில்லை. மூட்டையை இடம் மாற்றி வைக்கிறார். படகு விஷயத்திலோ, சாய்வைக் கண்டதும் எதிர்ப்புறத்தில் கல்லையும் மணல் மூட்டையையும் போட்டுவிடும் வழக்கம் பலரிடம் உண்டு. சில சமயம் அது பலிக்கும். சில சமயம் அதுவே படகைக் கவிழ்த்துவிடும். எப்பொழுது பலிக்கும், எப்பொழுது கவிழ்க்கும் என்பதை அறிவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. சாய்வு மூவகை

படகு சாய்ந்திருப்பதைக் கண்டால் முதலில் அது எவ்வகைச் சாய்வு என்று தீர்மானிக்க வேண்டும். நோய் அறியாமல் மருந்து கொடுத்தல் ஆகாது.

முதல் வகை காற்றுச் சாய்வு. பாய் விரித்தபின், காற்று வரும் புறம் எழும்பி மறுபுறம் தாழ்வது இது. பாயை இறக்கியவுடன் படகு நிமிர்ந்துவிடுமானால் அது குறையன்று. பாயைச் சுருக்குவதும் ஆட்கள் காற்று வரும் புறத்தில் அமர்வதுமே இதற்குப் பரிகாரம்.

இரண்டாவது வகை சுமைச் சாய்வு. காற்றும் அலையும் இல்லாத இடத்தில், பாய் இறக்கிய நிலையிலும், படகு எப்பொழுதும் ஒரே புறமாகச் சாய்ந்து நிற்கும். எஞ்சின், பாட்டரி, ஐஸ் பெட்டி, வலைக் குவியல் முதலியன நடுக்கோட்டை விட்டு ஒருபுறமாக இருப்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம். ஒருபுறத்துப் பலகை அதிகமாக நீர் குடித்துக் கனத்திருப்பதும் உண்டு.

மூன்றாவது வகை தலைக்கனச் சாய்வு. இதுவே மூன்றிலும் கொடியது. பாரம் மிக உயரத்தில் இருப்பதால் படகால் நேராக நிற்க இயலாமல் ஏதேனும் ஒரு புறம் சாய்ந்து தங்கிவிடும். இதன் அடையாளம் யாதெனில், காலையில் வலப்புறம் சாய்ந்திருந்த படகு சிறிது அசைத்தவுடன் இடப்புறம் புரண்டு அங்கும் அதே அளவு சாய்ந்து நிற்கும். சுமைச் சாய்வு புறம் மாறாது. தலைக்கனச் சாய்வு புறம் மாறும்.

இம்மூன்றிற்கும் புறம்பாக, படகின் அடியில் தேங்கிய நீர் எந்தச் சாய்வையும் பெரிதாக்கும். நீர் தாழ்ந்த புறத்திற்கே ஓடும். ஓடிய நீர் அப்புறத்தை மேலும் தாழ்த்தும். தாழ்ந்த புறத்திற்கு மேலும் நீர் சேரும். ஆகவே எந்தப் பரீட்சைக்கும் முன் நீரை முழுவதும் இறைத்து, கசிவு உண்டா என்று பார்த்தல் வேண்டும்.

2. சாய்ந்த படகு நிமிர்வது எதனால்?

மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்குகிறது என்னும் விதியைக் கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் விளக்கினார். படகின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் கீழ்நோக்கி இழுப்பதாகக் கொள்ளலாம். அது பாரமையம். நீரின் தாங்கும் விசை முழுவதும் மற்றொரு புள்ளியில் மேல்நோக்கித் தள்ளுவதாகக் கொள்ளலாம். அது மிதப்பு மையம்.

படகு ஒருபுறம் சாயும்பொழுது அப்புறத்தில் அதிகப் பாகம் நீரில் அமிழ்கிறது. ஆகவே மிதப்பு மையம் தாழ்ந்த புறத்தை நோக்கி நகர்ந்து, அப்புறத்தை மேலே தள்ளுகிறது. பாரமையம் தாழ்வாக இருந்தால் இவ்விரு விசைகளும் சேர்ந்து படகை நிமிர்த்தும். பாரமையம் மிக உயர்ந்துவிட்டால் அதே இரு விசைகள் படகை மேலும் சாய்க்கும்.

பாரமையம் எந்த உயரத்திற்குமேல் ஏறலாகாது என்னும் எல்லையைக் கணக்கிடும் வழியைப் பிரெஞ்சு அறிஞர் பியேர் பூகே 1746-ஆம் வருஷத்தில் பாரிஸில் வெளியிட்ட கப்பல் சாஸ்திர நூலில் தந்தார். அவ்வெல்லைப் புள்ளிக்கு மெட்டாசென்டர் என்று பெயர். புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸ் கவர்னராக இருந்ததும், பிரெஞ்சுக் கப்பற்படை சென்னையைப் பிடித்ததும் அதே வருஷத்தில்தான். கணக்கு பெரிதாயினும் அதன் சாரம் எளிது: பாரம் தாழ்வாக இருக்க வேண்டும், நடுவாக இருக்க வேண்டும், அசையாதிருக்க வேண்டும்.

3. இக்கரையின் பழைய உபாயங்கள்

சோழமண்டலக் கரையின் பழைய கலங்களில் கல் ஏற்றும் வழக்கம் குறைவு. அதற்குத் தக்க காரணம் உண்டு. இக்கரையில் அலை கரையருகே உடைகிறது. கலம் நாள்தோறும் அவ்வலையைக் கடந்து மணலில் ஏற வேண்டும். கல் சுமந்த கலத்தை மணல்மேல் இழுப்பது கடினம். அலையில் அது விரைந்து எழும்புவதும் இல்லை.

கட்டுமரம் மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது. அதன்மேல் ஏறும் நீர் இடுக்கு வழியே வடிந்துவிடும். நீர் நிரம்பி மூழ்குவதற்கு அதில் குழிவே இல்லை. துறைமுகம் இல்லாத காலத்தில் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் வந்த கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்றன. அவற்றின் சரக்கையும் பிரயாணிகளையும் கரை சேர்த்த மசூலாப் படகுகள், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டியவை. அலை மோதும்பொழுது வளைந்து கொடுப்பதே அவற்றின் பலம்.

பாக் ஜலசந்திக் கரையில் வழங்கும் வத்தை என்னும் பாய்ப்படகில் மற்றொரு உபாயம் உண்டு. படகின் குறுக்கே ஒரு நீண்ட பலகையை வைத்து, அது காற்று வரும் புறத்தில் வெளியே நீண்டிருக்கும்படி செய்வர். காற்று வலுக்கும்பொழுது ஆட்கள் அப்பலகைமேல் வெளிநோக்கி நகர்வர். தணிந்ததும் உள்ளே வருவர். இங்கு மனிதனே பாரம். இவ்வுபாயத்தின் திறமையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் நடுக்கோட்டிலிருந்து 5 அடி தூரத்தில் அமர்ந்தால் அவருடைய பலன் 60 × 5 = 300. படகுக்குள் நடுக்கோட்டிலிருந்து 2 அடி தூரத்தில் வைக்கும் கல்லால் அதே பலனைப் பெற 150 கிலோ வேண்டும். படகு திசை மாறினால் மனிதன் மறுபுறம் செல்வான். கல் செல்லாது.

தூத்துக்குடித் தோணிகளைப் போன்ற பெரிய பாய்க்கலங்களின் நிலைமை வேறு. அவற்றில் சரக்கு நிறைந்திருக்கும்பொழுது சரக்கே அடிப்பாரம். எத்தேசத்துப் பெரிய பாய்க்கப்பலானாலும், சரக்கில்லாமல் கடலேற வேண்டுமாயின் கல்லோ மணலோ அடியில் வேண்டும். சீனத்திலிருந்து தேயிலை ஏற்றிய ஐரோப்பியக் கம்பெனிக் கப்பல்கள் கனமானதும் நீருக்குக் கெடாததுமான பீங்கானை அடியிலும், தேயிலையை அதன்மேலும் அடுக்கின. அடிப்பாரமும் ஆயிற்று, லாபமும் ஆயிற்று.

4. பரீட்சை செய்யும் முறை

கொத்தனாரின் தூக்குக்குண்டும் ஓர் அளவுகோலும் இருந்தால் போதும்.

(அ) படகை அலையில்லாத நீரில், கரையைத் தொடாமல், கயிறு தளர்ந்த நிலையில் மிதக்க விடுக. பாயை இறக்கிக் கட்டுக.

(ஆ) அடிநீரை இறைத்து, வலை, எஞ்சின், எண்ணெய், நங்கூரம் முதலியவற்றை வழக்கமான இடத்தில் வைக்க.

(இ) படகின் மிக அகன்ற இடத்தில் மேல்விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரையுள்ள உயரத்தை இருபுறமும் அளக்க. அளவுகள் சமமானால் சாய்வு இல்லை. வேறுபட்டால் அவ்வேறுபாட்டைக் குறித்துக்கொள்க.

(ஈ) பாய்மரத்தில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது நிற்கும் இடத்தை ஒரு பலகையில் குறிக்க. இதனால் சாய்வு குறைவதையும் கூடுவதையும் கண்ணால் காணலாம்.

(உ) ஒருவர் நடுவில் நின்று மெதுவாக இருபுறமும் சாய்ந்து படகை ஆட்டுக. படகு விரைந்து தன் பழைய நிலைக்கு வந்தால் சுமைச் சாய்வு. சோம்பலாக மறுபுறம் புரண்டு அங்கேயே தங்கினால் தலைக்கனச் சாய்வு. பின்னதானால் பரீட்சையை அங்கேயே நிறுத்தி, உயரத்திலுள்ள சுமையை இறக்குக.

5. கணக்கு

எடையை நடுக்கோட்டிலிருந்துள்ள தூரத்தால் பெருக்கி வருவதே அச்சுமையின் சாய்க்கும் பலன். தராசிற்கும் ஏற்றத்திற்கும் உள்ள கணக்கே இது.

ஒரு சிறு பாய்ப்படகில் பாட்டரியும் கருவிப் பெட்டியும் சேர்ந்து 40 கிலோ என்றும், அவை நடுக்கோட்டிலிருந்து வலப்புறம் 2 அடி தூரத்தில் இருப்பதாகவும் கொள்ளலாம். பலன் 80. இதைச் சரிசெய்ய மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, அவற்றை நடுக்கோட்டிற்கே கொணர்தல். தூரம் பூஜ்யம், பலனும் பூஜ்யம். செலவும் இல்லை, கூடுதல் பாரமும் இல்லை.

இரண்டாவது வழி, 20 கிலோவை வலப்புறத்திலேயே விட்டு, மீதி 20 கிலோவை இடப்புறம் அதே 2 அடி தூரத்தில் வைத்தல். இருபுறமும் 40. இதிலும் கூடுதல் பாரம் இல்லை.

மூன்றாவது வழி, இடப்புறத்தில் அடிப்பாரம் சேர்த்தல். 2 அடி தூரத்தில் வைத்தால் 40 கிலோ வேண்டும். 1 அடி தூரத்தில் வைத்தால் 80 கிலோ வேண்டும். படகு எப்பொழுதும் அப்பாரத்தைச் சுமந்தே திரிய வேண்டும்.

ஆகவே மாற்றி வைப்பது முதல், கூட்டி வைப்பது கடைசி. இடம் மாற்ற இயலாத எஞ்சின் போன்றவற்றிற்கே மூன்றாவது வழி.

சாய்க்கும் சுமை இன்னதென்று தெரியாதபொழுது, எடை தெரிந்த ஒருவரை எழும்பிய புறத்தில் அமர்த்தி, இருபுற விளிம்பும் சமமாகும்வரை மெல்ல வெளிநோக்கி நகரச் செய்யலாம். அவர் எடையையும் நின்ற தூரத்தையும் பெருக்கினால் வேண்டிய பலன் கிடைத்துவிடும். 50 கிலோ உள்ளவர் 2 அடியில் அமர்ந்தபொழுது படகு நிமிர்ந்ததாயின் பலன் 100.

6. எப்பொருள், எவ்விடம்?

ஒரு லிட்டர் அளவுள்ள இரும்பு 7 கிலோவுக்கு மேலும், ஈயம் 11 கிலோவுக்கு மேலும், கருங்கல் சுமார் 2.7 கிலோவும், உலர்ந்த மணல் சுமார் 1.6 கிலோவும் நிறுக்கும். கனமான பொருள் சிறு இடத்தில் அடங்குவதால் தாழ்வாகக் கிடக்கும். மணல் மலிவானதே. ஆயினும் அது அதிக இடம் கொண்டு உயர்ந்து நிற்கும். சாக்கு கிழிந்தால் நீர் வடியும் துளைகளை அடைத்துவிடும், பம்பையும் கெடுக்கும். தண்ணீர்க் கேன்களை வைப்பதானால் கழுத்துவரை நிரப்பி இறுக மூட வேண்டும். அரைக் கேன் நீர் ஓடியாடிச் சாய்வை வளர்க்கும்.

அடிப்பாரத்தை ஏரா என்னும் அடிக்கட்டைக்கு அருகில், படகின் நடுப்பாகத்தில் வைக்க வேண்டும். அணியத்திலும் அமரத்திலும் வைத்தால் படகு அலையில் மூக்குக் குத்தும். மெல்லிய பலகையின்மேலோ பைபர் தகட்டின்மேலோ கூரிய கல்லை நேராக வைக்கலாகாது. வங்குக்கால்களின்மேல் பலகை பரப்பி அதன்மேல் வைக்க வேண்டும். மரச்சட்டம் அடித்து, கயிற்றால் பிணைத்து, படகு முற்றிலும் சாய்ந்தாலும் நகராதபடி கட்டுதல் மிக முக்கியம். கட்டாத அடிப்பாரம் கடுங்காற்றில் தாழ்ந்த புறத்திற்கு உருண்டு போகும். காப்பாற்ற ஏற்றியதே காலனாகும்.

தலைக்கனச் சாய்வில் எழும்பிய புறத்தில் ஒரு கல்லும் வைக்கலாகாது. அப்புறம் கனத்தவுடன் படகு சட்டென்று மறுபுறம் புரளும். புரளும் வேகத்தில் முதற்சாய்வைக் கடந்து கவிழ்ந்துவிடும். மேலுள்ள சுமையை இறக்குதலும், அடிநீரை இறைத்தலும், அடியில் நடுக்கோட்டின்மேல் பாரம் சேர்த்தலுமே இதற்குரிய பரிகாரம்.

7. அடிப்பாரத்திற்கு எல்லை உண்டு

ஏற்றும் ஒவ்வொரு கல்லும் படகை அமிழ்த்துகிறது. நீர்மட்டத்தில் 70 சதுர அடிப் பரப்புள்ள படகு கடலில் ஓர் அங்குலம் அமிழ்வதற்குச் சுமார் 170 கிலோ போதும். 340 கிலோ ஏற்றினால் மேல்விளிம்பு 2 அங்குலம் தாழும். அலை உள்ளே புகாமல் காப்பது அவ்விளிம்பே.

இவ்வெல்லையை மறந்ததற்கு ஸ்வீடன் தேசத்து வாசா என்னும் போர்க்கப்பல் சான்று. இரண்டு தட்டுகளில் பீரங்கிகள் வைத்து உயரமாகக் கட்டிய அக்கப்பலில், புறப்படுமுன் 30 பேரை ஒருபுறத்திலிருந்து மறுபுறம் ஓடச் செய்து பரீட்சித்தனர். மூன்றாவது ஓட்டத்தில் கப்பல் கவிழும்போல் ஆடியதால் பரீட்சையை நிறுத்தினரேயன்றிப் பயணத்தை நிறுத்தவில்லை. 1628-ஆம் வருஷம் ஆகஸ்டு 10-ஆம் தேதி, முதற்பயணத்தில் சுமார் 1,300 மீட்டர் தூரமே சென்ற நிலையில், சிறு காற்றுக்குச் சாய்ந்து, திறந்திருந்த கீழ்த்தட்டுப் பீரங்கித் துவாரங்கள் வழியே நீர் புகுந்து, ஸ்டாக்ஹோம் துறைமுகத்திலேயே மூழ்கியது. சுமார் 30 பேர் மாண்டனர். அதன் அடியில் சுமார் 120 டன் கல் இருந்தது. மேலும் கல் ஏற்றியிருக்கலாமே என்றால், ஏற்றியிருந்தால் கீழ்த்துவாரங்கள் இன்னும் நீருக்கு அருகே வந்திருக்கும். மேற்பாரத்தைக் குறைக்காத இடத்தில் அடிப்பாரம் முழுப் பரிகாரம் ஆகாது. 1961-ஆம் வருஷத்தில் வெளியே எடுக்கப்பட்ட அக்கப்பல் ஸ்டாக்ஹோமில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.

மற்றொரு அபாயமும் உண்டு. கட்டுமரம் கவிழ்ந்தாலும் மிதக்கும். கல் சுமந்த படகு நீர் நிரம்பினால் கற்களோடு அடியில் போகும். 100 கிலோ கருங்கல் நீரில் சுமார் 37 லிட்டர் இடமே கொள்ளும். மீதி 63 கிலோவை ஏதேனும் ஒன்று தாங்க வேண்டும். ஆகவே 100 கிலோ கல் ஏற்றுபவர், காற்றடைத்து மூடிய பெட்டியோ மிதவை நுரைப் பொருளோ குறைந்தது 63 லிட்டர் அளவு கூடுதலாகப் படகில் பொருத்துதல் வேண்டும். ஆளுக்கொரு உயிர்காப்பு மிதவை அதற்கும் மேற்பட்ட அவசியம்.

8. சங்கத்தின் கடமை

படகு ஓர் அங்கத்தினருடைய உடைமை மட்டுமன்று. கடன் வாங்கிய படகானால் அது சங்கத்தின் ஈடுமாகும். அதில் செல்லும் உயிர்களுக்கோ ஈடு இல்லை. புது எஞ்சினுக்கோ ஐஸ் பெட்டிக்கோ கடன் மனு வரும்பொழுது, விலையை விசாரிக்கும் பஞ்சாயத்தார் அதன் எடையையும் அது படகில் எவ்விடத்தில் அமையும் என்பதையும் விசாரிக்க வேண்டும். பொருத்தியபின் மேற்கூறிய பரீட்சையைச் செய்து, இருபுற விளிம்பு உயரத்தையும் சேர்த்த அடிப்பாரத்தையும் ஒரு புத்தகத்தில் தேதியுடன் பதிந்து வைத்தால், அடுத்த வருஷம் படகு எவ்வளவு மாறியுள்ளது என்று தெரிந்துவிடும். தூக்குக்குண்டும் நூலும் அதிகச் செலவல்ல.

கடல் காணாத ஊர்களின் அங்கத்தினருக்கும் இப்பாடம் வீணன்று. ஊசுட்டேரியில் படகு ஏறுபவர் எல்லோரும் ஒரே புறம் நின்று பறவை பார்க்கலாகாது என்பதற்கும், வைக்கோல் வண்டி ஏரிக்கரைச் சரிவில் கவிழ்வதற்கும் காரணம் இதுவே.

அங்கத்தினர் கூடி ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

1. சுமைச் சாய்வையும் தலைக்கனச் சாய்வையும் வேறுபடுத்தி அறிவது எவ்வாறு?

2. 30 கிலோ ஐஸ் பெட்டி நடுக்கோட்டிலிருந்து இடப்புறம் 3 அடியில் உள்ளது. அதை இடம் மாற்ற இயலாது. வலப்புறம் 2 அடியில் எத்தனை கிலோ வைத்தல் வேண்டும்? (விடை: 45 கிலோ.)

3. அடிநீரை இறைக்குமுன் செய்த பரீட்சையை நம்பலாகாது. ஏன்?

4. வத்தையின் குறுக்குப் பலகையில் ஒருவர் செய்யும் வேலையைப் படகுக்குள் உள்ள கல் செய்ய அதைவிட அதிக எடை வேண்டியிருப்பது எதனால்?

5. வாசாக் கப்பலில் மேலும் கல் ஏற்றியிருந்தால் தப்பியிருக்குமா?